பள்ளிகளில் செயற்கை நுண்ணறிவு: கொள்கையில் இடம்பெற வேண்டியவை என்னென்ன?

ஹைதராபாத்தின் நாச்சாரம் போன்ற பகுதிகளில் இயங்கும் சிபிஎஸ்இ பள்ளிகளுக்குச் செயற்கை நுண்ணறிவு புதிதல்ல. 2019-20 கல்வியாண்டிலேயே 9-ஆம் வகுப்பில் அது விருப்பப் பாடமாக அறிமுகமானது. எனினும், அதைப் பாடமாகக் கற்பிப்பதும், வீட்டுப்பாடத்தில் பயன்படுத்த அனுமதிப்பதும் வெவ்வேறு. இரண்டாவதற்கு எழுத்துபூர்வமான கொள்கை அவசியம்.

வயது: வகுப்பறைப் பயன்பாட்டுக்குக் குறைந்தபட்சம் 13 வயது என யுனெஸ்கோ 2023 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது.

தரவு: 18 வயதுக்கு உட்பட்டோரின் தரவைக் கையாளப் பொதுவாகப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்.

மதிப்பீடு: எழுதியது மனிதரா, இயந்திரமா எனக் கண்டறியும் தனது கருவியை, துல்லியக் குறைவால் ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜூலையில் திரும்பப் பெற்றது. ஆகவே, இத்தகைய கருவியின் முடிவை மட்டும் நம்பி மாணவரைத் தண்டிக்கலாகாது. அவர் நேரில் விளக்கமளிக்கும் வாய்ப்பைக் கொள்கை உறுதிசெய்ய வேண்டும்.