கலயத்துக் கஞ்சியும் களத்து நெல்லும்

வெள்ளிவிழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலரில், கல்வியைப் பற்றி எழுதாமல் சோற்றைப் பற்றி எழுதுவதேன் என்று நம் இளைஞர்கள் வினவக்கூடும். இயற்கை உணவு, பாரம்பரிய அரிசி, மண்பானைச் சமையல் என்னும் சொற்கள் இன்று மேடைதோறும் ஒலிக்கின்றன. அவ்வாழ்க்கையை நெடுங்காலம் வாழ்ந்தவர்கள் நம் பாட்டன் பாட்டியர். ஆயினும் அவர்கள் வரலாறு அம்மேடைகளில் பேசப்படுவதில்லை. அதனை நாமே எழுதிவைத்தல் நம் கடமையாகும்.

காரைக்கால்மேட்டிற்குக் கிழக்கே வங்கக்கடல்; மேற்கே காவிரியின் கடைமடை வயல்கள். மீனவ மக்கள் கடலில் உழைத்தனர். நம் மக்கள் வயலில் உழைத்தனர். கருவாடு கொண்டுவந்தவர் நெல் பெற்றுச் சென்றார். நெல்லே கூலி; நெல்லே நாணயம். களத்துமேட்டில் அளந்து பெற்ற கூலிநெல் தீர்ந்த பின்னர், எஞ்சிய மாதங்களில் குடும்பத்தைக் காத்தவர்கள் நம் பெண்மக்களே. வரப்போரத்தில் ஆரைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் பறித்தனர்; வயலில் நண்டும் நத்தையும் பொறுக்கினர். ஊத்தாவும் பறியும் கொண்டு வாய்க்காலில் கெண்டையும் குறவையும் பிடித்தனர் ஆடவர். இரவுச் சோற்றில் நீர் ஊற்றிவைத்து விடியலில் உண்டு வேலைக்குச் சென்றனர். கீற்று கூரையாயிற்று, மட்டை விறகாயிற்று, சாம்பல் பாத்திரம் துலக்கிற்று, மீந்தது எருக்குழிக்குப் போயிற்று. வீணென்று எறிவதற்கு அவ்வீடுகளில் ஒரு பொருளும் இருந்ததில்லை.

இதனை எண்ணிப் பெருமிதம் கொள்ளலாம். ஆனால், எறிவதற்கு ஒன்றுமில்லாதிருந்தமைக்கு, உடைமையென்று ஏதும் இல்லாதிருந்ததே முதற்காரணம் என்பதையும் மறத்தலாகாது. உழுத நிலம் அவர்களுடையதன்று. பலருக்குக் குடியிருந்த மனையும் சொந்தமன்று. நண்டும் நத்தையும் உண்டதற்காக இகழவும் பட்டனர். கிராமத்தைப் பொற்காலமாகப் புகழ்ந்தோரை, 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர் வன்மையாக மறுத்துப் பேசியதன் காரணம் இதுவே.

பசி நம் மக்களைக் கடல் கடக்கவும் செய்தது. 1739இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டில் நம் துறைமுகத்திலிருந்து ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் ஆகிய தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குத் தொழிலாளர் கப்பலேற்றப்பட்டனர். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியிலிருந்தும் ஆள் திரட்ட, 1861ஆம் ஆண்டு உடன்படிக்கை வழி வகுத்தது. சென்றவர்களுள் நிலமற்ற உழைப்பாளிகள் பலர். அவர்கள் கையோடு கொண்டுசென்றது கீரையும் குழம்பும் பற்றிய அறிவே. ரெயூனியன் தீவில் இன்றும் முருங்கைக்கீரையை நம் சொல்லின் திரிபாகிய 'மூரூம்' என்னும் பெயராலேயே வழங்குகின்றனர். ஏட்டில் எழுதப்படாத அறிவும் கடல் கடந்து நிலைக்கும் என்பதற்கு இது சான்று.

1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சி நீங்கியது. சில ஆண்டுகளில் நம்மைச் சூழ்ந்த தஞ்சை மாவட்டத்தில் தீவிர வேளாண்மைத் திட்டம் வந்தது. ஆடுதுறை 27, ஐ.ஆர். 8 முதலிய புதிய நெல்வகைகளும், உப்புரமும், எண்ட்ரின் போன்ற பூச்சிமருந்துகளும் தொடர்ந்தன. விளைச்சல் பெருகியது உண்மை. அதனை மறுத்தல் நன்றியன்று. ஆயினும் எண்ட்ரின் மீனுக்குக் கொடுநஞ்சு. வாய்க்கால் மீனும் நண்டும் குறைந்தபோது நிலவுடைமையாளர்க்கு இழப்பொன்றுமில்லை. விலையின்றிக் கிடைத்த கறியை இழந்தவர் கூலியாளரே. பெருகிய விளைச்சலில் அவர்க்குப் பங்கு கிடைத்ததா? 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். கூடுதலாக அரைப்படி நெல் கேட்ட போராட்டத்தின் முடிவு அது. சோற்றின் வரலாற்றை எழுதுவோர் இந்நாளை விடுத்து எழுதுதல் இயலாது.

1990களில் கடலோர வயல்கள் இறால் பண்ணைகளாயின. உப்புநீர் கிணறுகளில் ஏறியது. நடவும் அறுப்பும் இல்லாதொழிந்தன. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர ஒழுங்குமுறைப் பகுதியிலுள்ள இறால் பண்ணைகளை அகற்ற உச்சநீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று ஆணையிட்டது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியது; உயிர்கள் பல மாண்டன; வயல்களில் உப்பு படிந்தது. நாகைப் பகுதியில் கோ. நம்மாழ்வாரும் தோழர்களும் தக்கைப்பூண்டு முதலிய பசுந்தாள் உரப்பயிர்களை விதைத்து மடக்கி உழச்செய்து, அத்தகைய நிலங்களை மீட்க வழிகாட்டினர். உவர் தாங்கும் குழியடிச்சான் போன்ற பழைய நெல்வகைகளின் அருமை அப்போது உணரப்பட்டது. அத்தகைய நெல்வகைகளைத் தேடித் திரட்டிப் பரப்பியவர் திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் பணியாற்றிய 'நெல்' ஜெயராமன். இவ்வகைகளை நாற்றுவிட்டு, நட்டு, களைபறித்து, அறுத்த கைகள் நம் முன்னோருடையவை.

பள்ளியில் நாம் பன்முறை கண்ட காட்சி ஒன்றுண்டு. பழைய சோறு கொண்டுவரும் பிள்ளை, பாத்திரத்தின் மூடியால் அதனை மறைத்துக்கொண்டு உண்ணும். அதே பழைய சோறு இன்று நகரத்து உணவுவிடுதிகளில் மண்கலயத்தில் விலைக்குக் கிடைக்கிறது. அப்பிள்ளைக்கு நாம் சொல்ல வேண்டியது யாது? நாணாதே என்று மட்டும் சொன்னால் போதாது. அவ்வுணவு அறிவின் விளைவு; அவ்வறுமை அநீதியின் விளைவு. முன்னதைக் காத்துப் பின்னதை ஒழிக்கக் கற்றுக்கொள் என்று சொல்லுதல் வேண்டும்.

இளைஞர்களே! உங்கள் இல்லத்து மூதாட்டியரிடம் அமருங்கள். அவர்கள் அறிந்த கீரை, மீன், நெல் ஆகியவற்றின் பெயர்களை ஏட்டில் எழுதுங்கள். கொல்லையில் முருங்கையும் கீரையும் வளருங்கள். அத்துடன் பட்டா எவர் பெயரில் உள்ளது, கூலி முறையாகக் கிடைக்கிறதா என்று கேட்கவும் படியுங்கள். கீரையின் பெயரறிந்த பாட்டிக்குப் பட்டாவைப் படிக்கத் தெரியாதிருந்தது. பட்டாவைப் படிக்கும் பேரனுக்குக் கீரையின் பெயர் தெரியவில்லை. இவ்விரண்டும் அறிந்த ஒரு தலைமுறையை உருவாக்குவதே அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் சங்கத்தின் பணியாகும்.