நிசிபிஸ் நகரின் மதில்

அரசர்களின் பகைக்கு எல்லைப்புற மக்கள் விலை கொடுப்பது தொண்டை நாட்டினராகிய நமக்குப் புதிய செய்தியன்று. காக்களூருக்கு மேற்கே, அதிகத் தொலைவில் இல்லாத தக்கோலத்தில்தான் 949-இல் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படையோடு பொருது, யானைமீதிருந்தே உயிர் துறந்தான் சோழ இளவரசன் இராசாதித்தன். அதற்கு ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன், திக்ரீசு ஆற்றுப் பகுதியில் பாரசீகருக்கும் உரோமையருக்கும் நடந்த எல்லைப் போர்களை இங்கே சற்று நினைவுகூர்வோம். நம் மண்ணின் திருச்சபை வரலாற்றோடு அவற்றுக்கு உறவு உண்டு.

பாரசீகப் பேரரசன் இரண்டாம் ஷாபூர் 309 முதல் 379 வரை அரியணையில் இருந்தவன். தாயின் கருவில் இருக்கையிலேயே முடிசூட்டப்பட்டான் என்று மரபு கூறும். அவனுடைய பாட்டன் நர்சே, 298-இல் உரோமையரிடம் தோற்றுத் திக்ரீசுக்கு அப்பாலுள்ள மாநிலங்களை இழந்திருந்தான். அவற்றை மீட்பதே பேரனின் வாழ்நாள் வேட்கை. நிசிபிஸ் என்னும் கோட்டை நகர் குறுக்கே நின்றது. 337-க்கும் 350-க்கும் இடையே மும்முறை அதை முற்றுகையிட்டான். மூன்றாம் முறை ஆற்றைத் தேக்கி, அந்நீரை மதில்மேல் பாயவிட்டான். மதிலின் ஒரு பகுதி சரிந்தது. ஆனால் அவன் ஏவிய குதிரைகளும் யானைகளும் சேற்றில் புதைந்தன. நகரமாந்தர் மதிலை மீண்டும் எழுப்பிவிட்டனர். உள்ளிருந்து இவற்றைக் கண்டவர்களுள் ஒருவர் திருத்தொண்டரான புனித எபிரேம். வெள்ளம் சூழ்ந்த நோவாவின் பேழைக்கு அந்நகரை ஒப்பிட்டு அவர் பாடினார்.

எல்லைக்கு அப்பால், ஷாபூரின் ஆட்சியிலும் கிறிஸ்தவர்கள் திரளாக வாழ்ந்தனர். உரோமை திருச்சபையை வதைத்த நாள்களில் பாரசீகத்தில் அவர்களுக்கு ஓரளவு அமைதி இருந்தது. கான்ஸ்டன்டைன் மனம் மாறியபின் நிலைமை தலைகீழாயிற்று. பாரசீகக் கிறிஸ்தவர்களைக் காக்கும்படி அவர் ஷாபூருக்கு மடல் எழுதினார். நல்லெண்ணத்தோடு எழுதிய மடலே. எனினும் பகைநாட்டு வேந்தன் பரிந்து பேசியதே அம்மக்கள்மேல் ஐயம் விழத் துணைசெய்தது என்று நமக்குத் தோன்றுகிறது. 340-ஐ ஒட்டிக் கிறிஸ்தவர்மீது இருமடங்கு வரி விதிக்கப்பட்டது. தம் மக்கள் ஏழைகள் என்றும், வரி தண்டுவது ஆயரின் பணியன்று என்றும் தலைநகரின் ஆயர் சிமியோன் மறுத்தார். பெரிய வெள்ளியன்று அவர் மறைசாட்சியாக மரித்தார் என்பது மரபு. பெயர் அறியப்பட்ட மறைசாட்சிகளே 16,000 பேர் என்று சோசொமேன் என்னும் பண்டைய வரலாற்றாசிரியர் எழுதுகிறார். உரோமையை ஐயுற ஷாபூருக்குக் காரணம் இருந்தது; அதை மறுப்பதற்கில்லை. ஆனால் எதிரியின் மதத்தைச் சேர்ந்தவர் என்ற ஒன்றுக்காகத் தன் குடிகளையே எதிரிகளாக எண்ணினானே, அதை எப்படி ஏற்பது?

359-இல் அமிதா நகர் 73 நாள் முற்றுகைக்குப்பின் வீழ்ந்தது. 363-இல் பேரரசர் ஜூலியன் பாரசீகத் தலைநகர்வரை படையெடுத்துச் சென்று, திரும்பும் வழியில் மாண்டார். அடுத்து வந்த ஜோவியன், படையைக் காப்பாற்றிக்கொள்ள நிசிபிஸ் நகரை உடன்படிக்கையில் விட்டுக்கொடுத்தார். மும்முறை பணியாத நகர்! அதன் மக்களை எவரும் கேட்கவில்லை. வீடுவாசலை விட்டு வெளியேறும்படி மட்டும் ஆணை வந்தது. எபிரேமும் வெளியேறி, உரோமை எல்லைக்குள் இருந்த எதெசாவில் குடியேறினார். 373-இல் அங்கேயே இறந்தார்.

இந்தியாவிலிருந்து வணிகன் ஒருவன் கொண்டுவந்த புனித தோமையாரின் எலும்புகளைப் பற்றி அவர் பாடியிருக்கிறார். அத்திருப்பண்டம் 394-இல் எதெசாவின் பெருங்கோவிலில் வைக்கப்பட்டது. டிசம்பர் 21-இல் இருந்த தோமையார் திருவிழா, 1969-ஆம் ஆண்டின் நாள்காட்டிச் சீரமைப்பில் ஜூலை 3-க்கு மாற்றப்பட்டதே, அந்நாள் எதெசாவுக்குத் திருப்பண்டம் வந்ததை நினைவூட்டும் நாள்.

எல்லைக்கு அப்பால் எஞ்சிய திருச்சபையோ 424-இல், மேற்கத்திய ஆயர்களிடம் முறையிடுவதில்லை எனத் தீர்மானித்துத் தனித்து வளர்ந்தது. பகைவனின் கையாள் என்ற பழியிலிருந்து தப்ப அதுவும் ஒரு வழி. அதன் குருக்களும் வணிகரும் கடல்வழி நம் கரைகளுக்கு வந்தனர். 1547-இல் பரங்கிமலையில் போர்த்துக்கீசியர் அகழ்ந்தபோது கிடைத்த கற்சிலுவை அவர்கள் விட்டுச்சென்றதே. அதைச் சுற்றியுள்ள எழுத்து, ஷாபூரின் அரசவையில் வழங்கிய பகலவி மொழி. வாசிப்பில் ஆய்வாளர்கள் வேறுபட்டாலும், செதுக்கியவன்மீது ஆண்டவர் இரங்க வேண்டும் என்ற மன்றாட்டே அது என்பர். மலைக்கோவிலின் பீடத்தில் இன்றும் அதைக் காணலாம்.