கேசட்டுக்குள் போய்த் திரும்பிய ஒலி

தொண்ணூறுகளில் தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கத்து வீடுகளுக்கு வந்து சேர்ந்த 'வீடியோ கேம்' பெட்டிகளில் பல, நின்டெண்டோ 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபாமிகாமின் நகல்கள். விளையாட்டு அட்டையை நாம் கேசட் என்றே அழைத்தோம். உள்ளே நாடா ஏதும் கிடையாது.

மூலப் பெட்டியில் ஒலி நேரே தொலைக்காட்சிக்குப் போவதில்லை. 45-ஆம் முனை வழியே கேசட்டுக்குள் சென்று, அங்குள்ள சிப்பின் ஒலியையும் சேர்த்துக்கொண்டு 46-ஆம் முனையில் திரும்பும். 1989-இல் கொனாமி 'அகுமாஜோ தென்செட்சு'வில் வி.ஆர்.சி.6 சிப்பை வைத்து, ஐந்து ஒலித்தடங்களை எட்டாக்கியது இவ்வழியில்தான். அமெரிக்காவுக்கான என்.இ.எஸ். பெட்டியிலோ முனைகள் 60-லிருந்து 72 ஆகியும், இந்த இரண்டு மட்டும் காணாமற்போயின. விசித்திரமான சிக்கனம்! அதே விளையாட்டு 1990-இல் அங்கே மெலிந்த இசையோடுதான் வந்தது. ஜப்பானியக் கேசட்டை அதில் முழுதாகக் கேட்க விரும்பிய ஆர்வலர்கள், பொருத்தியோடு பெட்டியின் அடிப்புற இணைப்பில் 47 கிலோ ஓம் மின்தடை ஒன்றையும் பற்றவைத்தார்கள்.

நம்மூர் நகல்களுக்கு 60 முனை வாய் இருந்தது. ஆனால் வாய் இருந்தால் மட்டும் போதாது. மலிவுப் பலகைகள் சில அந்த ஒலிவழியை இணைக்காமலே விட்டுவிட்டன. பரணில் ஒன்று கிடந்தால், காயலான்கடைக்குப் போடுமுன் திறந்து, அவ்விரு முனைகளிலிருந்து தடம் ஓடுகிறதா என்று பாருங்கள்.