உதைபந்தாட்டத் தீர்ப்பும் இரசிகர் நிலைப்பாடும்: வீடியோத் தொழில்நுட்பம் பற்றியதொரு வரலாற்று நோக்கு

விளையாட்டுகளின் வரலாறு பெரும்பாலும் வென்றோர் பட்டியலாகவும் கோல்களின் கணக்காகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயின், ஒரு விளையாட்டிலே தீர்ப்பு வழங்கும் உரிமை யாரிடம் இருந்தது, அவ்வுரிமை எக்காலத்தில் எவரிடம் கைமாறியது என்னும் வினாக்களை எழுப்புமிடத்து, அவ்விளையாட்டைத் தாங்கி நிற்கும் சமுதாயத்தின் வரலாறும் உடன் வெளிப்படக் காணலாம். உதைபந்தாட்டத்தில் வீடியோத் தொழில்நுட்பம் புகுந்த கதை இதற்குத் தக்க சான்றாகும்.

தவறான தீர்ப்புகளைக் கண்டு அரை நூற்றாண்டு காலம் கொதித்தெழுந்தவர்கள் ஐரோப்பிய இரசிகர்கள். வீட்டிலிருந்து பார்ப்பவனுக்குத் தெரியும் உண்மை மத்தியஸ்தருக்கு மட்டும் தெரியாதிருப்பதேன் என்று அவர்கள் ஓயாது கேட்டனர். ஆனால் அத்தொழில்நுட்பம் ஆடுகளத்தினுட் கொண்டுவரப்பட்டதும், இரசிகரில் ஒரு பெரும் பகுதியினரே அதனை எதிர்த்துக் குரலெழுப்பினர். இதனை வெறும் மனச்சபலம் என ஒதுக்கிவிடுவது எளிது. அவ்வாறு ஒதுக்காது, இம்முரண்பாட்டின் வேரை வரலாற்று அடிப்படையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மத்தியஸ்தரின் தோற்றம்

1863ஆம் ஆண்டு இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கம் வகுத்த முதல் விதிகளிலே மத்தியஸ்தர் என்றொருவர் இடம்பெறவில்லை. கனவான்கள் ஆடும் ஆட்டத்தில் அணித்தலைவர்கள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்வர் என்பதே அன்றைய எண்ணம். பின்னர் ஒவ்வோர் அணியும் தத்தம் சார்பில் ஒரு நடுவரை நியமித்தது. அவ்விருவரும் உடன்படாதவிடத்துக் கருத்துக் கேட்கப்படுபவராக மூன்றாமவர் ஒருவர் களத்துக்கு வெளியே நின்றார். தொழில்முறை ஆட்டம் வளர்ந்து, வெற்றியோடு பணமும் பிணைந்த பின்னர், 1891ஆம் ஆண்டில் அம்மூன்றாமவர் முழு அதிகாரத்தோடு களத்தினுள் அழைக்கப்பட்டார். முன்னைய நடுவர் இருவரும் எல்லைக்கோட்டுக்குத் தள்ளப்பட்டனர்.

1886ஆம் ஆண்டு பிரித்தானியாவின் நான்கு சங்கங்கள் கூடி அமைத்த சர்வதேசச் சபையே இன்றுவரை ஆட்டவிதிகளை ஆக்கி வருகின்றது. அச்சபையில் அந்நான்கு சங்கங்களுக்கும் ஒவ்வொரு வாக்கும், சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனத்துக்கு நான்கு வாக்குகளும் உள. ஒரு விதியை மாற்ற ஆறு வாக்குகள் வேண்டும். இரசிகருக்கு அங்கு இடமில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இரண்டாவது கண்

களத்தில் நின்ற மத்தியஸ்தரின் கண்ணே நெடுங்காலம் ஒரே சாட்சியாக விளங்கிற்று. பார்வையாளர் கூச்சலிடலாம், ஆனால் தம் கூற்றை நிறுவ அவர்களிடம் ஆதாரம் எதுவும் இருக்கவில்லை. தொலைக்காட்சி பரவியதும் இந்நிலை மாறிற்று. 1964ஆம் ஆண்டில் பீ.பீ.சி. நிறுவனம் ஆட்டங்களின் முக்கிய கட்டங்களை வாரந்தோறும் காட்டும் நிகழ்ச்சியைத் தொடங்கியது. ஒரே கணத்தை மீண்டும் மீண்டும் பார்க்கும் வாய்ப்பு இதனால் சாதாரண மக்களுக்குக் கிட்டியது.

1966ஆம் ஆண்டு யூலை 30ஆந் திகதி வெம்பிளியில் நடைபெற்ற உலகக் கிண்ண இறுதியாட்டம் இதன் விளைவைத் தெளிவுறக் காட்டியது. இங்கிலாந்துக்கும் மேற்கு ஜேர்மனிக்கும் இடையிலான அவ்வாட்டத்தின் மேலதிக நேரத்தில் ஜெஃப் ஹேர்ஸ்ற் அடித்த பந்து குறுக்குக் கம்பத்திற் பட்டுக் கீழே விழுந்து வெளியே துள்ளியது. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த மத்தியஸ்தர் கொட்பிறீட் டீன்ஸ்ற், சோவியத் அசர்பைஜானைச் சேர்ந்த எல்லைக்கோட்டு மத்தியஸ்தர் தோபிக் பஹ்ராமோவிடம் வினவிய பின் கோல் என அறிவித்தார். ஆட்டம் 4–2 என முடிந்தது. பந்து கோட்டை முற்றாகக் கடந்ததா என்ற வாதம் முடியவில்லை. 1996ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட் ஆய்வாளர் இருவர் படச்சுருளை அளந்து, பந்து முற்றாகக் கடக்கவில்லை என்ற முடிவுக்கு வந்தனர். ஆயினும் அத்தீர்ப்பை வழங்கியவரின் பெயரையே பாக்கு நகரின் பெரும் விளையாட்டரங்கு தாங்கி நிற்கின்றது. ஒரு நாட்டில் அநீதியின் அடையாளமாக நிலைத்தது இன்னொரு நாட்டிற் பெருமையாக நிலைத்தது.

1986ஆம் ஆண்டு யூன் 22ஆந் திகதி மெக்சிக்கோவில் மரடோனா கையாற் போட்ட கோலும் இத்தகையதே. துனீசிய மத்தியஸ்தர் அதனைக் காணவில்லை. உலகெங்குமுள்ள தொலைக்காட்சிப் பார்வையாளர் கண்டனர். மத்தியஸ்தருக்கும் மக்களுக்கும் இடையே நிலவிய அறிவு வேறுபாடு இவ்வாறு தலைகீழானது. முன்னர் களத்தில் நின்றவருக்கே அதிகந் தெரிந்தது. இப்போது களத்தில் நிற்பவருக்கே குறைவாகத் தெரிந்தது.

நீதி வேண்டிய குரல்

இவ்வேறுபாடு மத்தியஸ்தரையும் வருத்தியது. ஐரோப்பியக் கிண்ண ஆட்டமொன்றை அடுத்துத் தமக்கும் தம் குடும்பத்தினருக்கும் வந்த அச்சுறுத்தல்கள் காரணமாக, சுவீடனைச் சேர்ந்த அன்டர்ஸ் பிறிஸ்க் 2005ஆம் ஆண்டில் பணியிலிருந்து விலகினார். 2009ஆம் ஆண்டு நவம்பர் 18ஆந் திகதி பாரிசில் தியரி ஹென்றி பந்தைக் கையாற் கட்டுப்படுத்திக் கொடுக்க, கலாஸ் அதனைக் கோலாக்கினார். அயர்லாந்து உலகக் கிண்ண வாய்ப்பை இழந்தது. மீளாட்டம் வேண்டி அந்நாட்டுச் சங்கம் விடுத்த கோரிக்கை மறுக்கப்பட்டது. சம்மேளனம் அச்சங்கத்துக்கு 50 இலட்சம் யூரோ வழங்கியமை 2015ஆம் ஆண்டிலேதான் வெளிவந்தது. சங்கத்துக்குப் பணம் கிடைத்தது. ஐரிஷ் இரசிகருக்கு எதுவும் கிடைக்கவில்லை.

2010ஆம் ஆண்டு யூன் 27ஆந் திகதி தென்னாபிரிக்காவில் ஜேர்மனிக்கு எதிராக பிராங் லாம்பாட் அடித்த பந்து கோட்டைத் தெளிவாகவே கடந்திருந்தும் கோல் வழங்கப்படவில்லை. அவ்வாண்டு மார்ச் மாதத்திலேதான் சர்வதேசச் சபை கோற்கோட்டுத் தொழில்நுட்பத்தை நிராகரித்திருந்தது. இவ்வாட்டத்தின் பின்னர் சம்மேளனத் தலைவர் பிளாட்டர் மன்னிப்புக் கோரினார். 2012ஆம் ஆண்டு யூலையில் சபை அத்தொழில்நுட்பத்துக்கு அனுமதி வழங்கியது. 2014ஆம் ஆண்டின் உலகக் கிண்ணத்தில் அது பயன்படுத்தப்பட்டது.

கோற்கோட்டுத் தொழில்நுட்பத்தை இரசிகர் பெரிதும் எதிர்க்கவில்லை என்பது மிக முக்கியமான செய்தியாகும். பந்து கோட்டைக் கடந்தது அல்லது கடக்கவில்லை, இடைநிலை இல்லை. விடை ஒரு நொடியில் மத்தியஸ்தரின் கைக்கடிகாரத்தை வந்தடைகின்றது, ஆட்டம் தடைப்படுவதில்லை. எனவே இரசிகர் இயந்திரத்தின் பகைவர் என்ற குற்றச்சாட்டு வரலாற்றுச் சான்றுக்கு முன் நிலைக்காது.

திரையின் வருகை

2016ஆம் ஆண்டு மார்ச்சில் சர்வதேசச் சபை வீடியோ உதவி மத்தியஸ்தர் முறையைப் பரீட்சித்துப் பார்க்க இசைந்தது. 2017ஆம் ஆண்டில் ஜேர்மனியும் இத்தாலியும் தம் முதற்றர லீக் போட்டிகளில் அதனைக் கைக்கொண்டன. 2018 மார்ச்சில் அது விதிநூலில் இடம்பெற்றது. அவ்வாண்டே ரஷ்யாவில் நடந்த உலகக் கிண்ணத்திலும், 2019ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரிமியர் லீக்கிலும் அது நடைமுறைக்கு வந்தது. கோல், தண்ட உதை, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள்மாறாட்டம் ஆகிய நான்கு விடயங்களிலே தெளிவான தவறு நேர்ந்தால் மட்டுமே தலையிடுவது என்பது இதன் அடிப்படை.

நடைமுறை வேறாக இருந்தது. 2018 ஏப்ரல் 16ஆந் திகதி ஜேர்மனியில் மைன்ஸ், பிறைபேர்க் அணிகள் மோதிய ஆட்டத்தில், முதற்பாதி முடிந்து வீரர்கள் களத்தைவிட்டு நீங்கிய பின்னர் ஒரு கைப்பிழை திரையிற் கண்டறியப்பட்டது. பிறைபேர்க் வீரர்கள் உடைமாற்றும் அறையிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டு, மைன்ஸ் அணிக்குத் தண்ட உதை வழங்கப்பட்டது. தீர்ப்பு விதிக்கு இசைந்ததே. ஆயினும் இடைவேளை என்பது இடைவேளைதானா என்ற ஐயமே அரங்கிலிருந்தோரிடம் எஞ்சியது. 2019 ஏப்ரல் 17ஆந் திகதி மன்செஸ்ரர் சிற்றி அணியின் ஸ்ரேர்லிங் இறுதிக் கணத்திற் போட்ட கோல் கொண்டாடி முடிந்த பின் ஓஃப்சைட் என நீக்கப்பட்டது. அரங்கின் ஒரு புறத்து மகிழ்ச்சி அக்கணமே மறுபுறத்து மகிழ்ச்சியாயிற்று. இங்கும் தீர்ப்புச் சரியே.

இரசிகர் முறைப்பாட்டின் உட்பொருள்

இரசிகரின் முறைப்பாடுகளைத் தொகுத்து நோக்குமிடத்து அவை நான்காக அமைவதைக் காணலாம். முதலாவது, கோல் விழுந்த கணத்திற் பீறிட்டெழும் மகிழ்ச்சியை நம்ப முடியாமற் போயிற்று. உதைபந்தாட்டத்திற் கோல் அரியது. அரியதாதலாலேயே அது பெரியது. இரண்டாவது, அரங்கில் இருப்பவர்கள் எதற்காகக் காத்திருக்கிறோம் என அறியாதிருக்க, வீட்டிலுள்ளோர் யாவற்றையும் கண்டனர். பயணஞ் செய்து, பணங் கொடுத்து வந்தவரே அறியாதவராயினர். மூன்றாவது, அக்குளும் கால்விரல் நுனியும் அளக்கப்பட்டு, ஓஃப்சைட் விதி அதன் நோக்கத்தினின்றும் விலகியது. நான்காவது, தீர்ப்பு கண்காணா இடத்துக்குப் பெயர்ந்தது. கொலோன் நகரிலுள்ள மையத்தை ஜேர்மனிய இரசிகர் ‘நிலவறை’ என்றே அழைக்கலாயினர். களத்தில் நிற்கும் மத்தியஸ்தரை நோக்கிக் கத்தலாம். நிலவறையை நோக்கிக் கத்துவது எங்ஙனம்?

இத்துடன், இயந்திரம் இருந்தும் தவறு ஒழியவில்லை. 2023 செப்டெம்பர் 30ஆந் திகதி ரொட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூல் அணியின் லூயிஸ் டியாஸ் போட்ட முறையான கோல் நிராகரிக்கப்பட்டது. களத்திற் கோல் வழங்கப்பட்டதாகத் தவறாக எண்ணிய வீடியோ மத்தியஸ்தர், பரிசோதனை முடிந்தது என்று அறிவித்துவிட்டார். படம் சரியாகவே இருந்தது. தவறு மனிதரிடையேயான பேச்சில் நேர்ந்தது.

இங்கு கிரிக்கெற்றுடன் ஒப்பிடுதல் பயன்தரும். 1992 நவம்பரில் டேர்பனில் மூன்றாம் நடுவர் முறை ரெஸ்ற் போட்டியில் அறிமுகமாயிற்று. தீர்ப்பை மீளாய்வு செய்யக் கோரும் முறை 2008ஆம் ஆண்டில் இலங்கை–இந்தியத் தொடரில் கொழும்பிலேயே முதன்முதலாக ரெஸ்ற் போட்டியிற் பரீட்சிக்கப்பட்டது. அது இரசிகரால் பெரிதும் ஏற்கப்பட்டமைக்கு இரு காரணங்கள் கூறலாம். கிரிக்கெற்றில் ஒவ்வொரு பந்தின் பின்னரும் இயல்பாகவே இடைவெளி உண்டு. மேலும், மீளாய்வைக் கோருபவர் ஆடுபவரே. உதைபந்தாட்டமோ ஓடும் நீர் போன்றது. அதன் ஓட்டத்தை நிறுத்தும் அதிகாரம் ஆடுபவரிடமோ பார்ப்பவரிடமோ இல்லை.

எனினும், இரசிகர் அனைவரும் ஒரே கருத்தினர் என்று கொள்வது பிழையாகும். இங்கிலாந்தில் எடுக்கப்பட்ட கருத்துக்கணிப்புகளில், ஆட்டத்தின் சுவை குறைந்துவிட்டது என்ற பெரும்பான்மையினரே, முறையை முற்றாக ஒழிக்க வேண்டாம், திருத்துக என்றும் கூறினர். அயர்லாந்துக்கு நேர்ந்ததை நினைவில் வைத்திருப்போருக்குத் திரையின் தேவையை மறுப்பது எளிதன்று. பலம் குன்றிய அணிக்குத் தவறான ஒரு தீர்ப்பே ஒரு தலைமுறையின் வாய்ப்பைப் பறித்துவிடக்கூடும்.

வாக்கும் கூச்சலும்

இரசிகரின் குரலுக்கு என்ன பெறுமதி என்பது நாட்டுக்கு நாடு வேறுபட்டது. சுவீடனிற் கழகங்களின் வாக்குரிமையிற் பெரும்பங்கு அங்கத்தவர்களுக்கே உரியது. அங்கத்தவராகிய இரசிகர் கழகங்களின் ஆண்டுக் கூட்டங்களிலே வீடியோ முறைக்கு எதிராகத் தீர்மானங்களை நிறைவேற்றினர். அதன் பயனாக, 2024 ஏப்ரலில் அந்நாட்டுச் சங்கத்தின் தலைவரும் முன்னாட் பிரதமருமான பிறெட்றிக் றைன்பெல்ட், இம்முறை கொண்டுவரப்படமாட்டாது என அறிவித்தார்.

நோர்வேயில் 2023ஆம் ஆண்டிலேயே அது புகுந்துவிட்டது. 2024 யூலை 21ஆந் திகதி றோசன்போர்க், லில்லஸ்ற்றோம் அணிகள் ஆடிய ஆட்டத்தில் இரசிகர் ரெனிஸ் பந்துகளையும் மீன் பணியாரங்களையும் களத்தினுள் எறிந்தமையால் ஆட்டம் கைவிடப்பட்டது. 2025 சனவரியிற் கழகங்கள் 19–13 என்ற வாக்குகளால் இம்முறையை நீக்கப் பரிந்துரைத்தன. ஆனால் அடிமட்டக் கழகங்களும் பங்குகொண்ட மார்ச் மாதப் பொதுக்கூட்டம் அதனைத் தக்கவைக்கவே முடிவு செய்தது. எதிர்த்தோர் தோற்றனர், எனினும் வாதாடி, வாக்கெடுப்பிலே தோற்றனர்.

இங்கிலாந்தின் நிலை வேறு. 2024 யூன் 6ஆந் திகதி வூல்வ்ஸ் கழகம் கொணர்ந்த நீக்கத் தீர்மானம் 19–1 எனத் தோல்வியுற்றது. வாக்களித்தவை 20 கழகங்கள். அவற்றுட் பெரும்பாலானவை தனிச் செல்வந்தருக்கோ முதலீட்டு நிறுவனங்களுக்கோ உரியவை. அரங்கில் எழுந்த கோஷம் அவ்வறையினுட் செல்லவில்லை.

முடிவுரை

இதுவரை கூறியவற்றால், இரசிகர் முதலில் உண்மையை வேண்டிப் பின்னர் உண்மையை வெறுத்தனர் என்பது பொருந்தாது. அவர்கள் வேண்டியது, யாவருக்கும் தெரிந்த பிழை திருத்தப்படவேண்டும் என்பதே. அவர்களுக்குக் கிடைத்ததோ, யாருக்குந் தெரியாத பிழையைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு. முன்னது மக்களின் பார்வையோடு மத்தியஸ்தரின் பார்வையை இணைப்பது. பின்னது இருவர் பார்வையையும் விலக்கி மூன்றாவதொன்றை அமர்த்துவது. இவ்வேறுபாட்டை உணராதார்க்கே இரசிகரின் நிலைப்பாடு முரண்பாடாகத் தோன்றும்.

2023ஆம் ஆண்டின் மகளிர் உலகக் கிண்ணத்தில் மத்தியஸ்தரே தம் தீர்ப்பை ஒலிபெருக்கி மூலம் அரங்குக்கு அறிவித்தமையும், 2024ஆம் ஆண்டில் 20 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கிண்ணத்திற் பயிற்றுநர் மீளாய்வு கோரும் முறை பரீட்சிக்கப்பட்டமையும் இவ்விடைவெளியைக் குறைக்கும் முயற்சிகள் எனலாம். ஆயினும், அறிவிக்கப்படுவது வேறு, கலந்து முடிவெடுப்பது வேறு. அன்று அணித்தலைவர்கள் பேசித் தீர்த்த ஆட்டம், பின்னர் மத்தியஸ்தரிடமும் அதன்பின் திரையிடமும் சென்றது. ஒவ்வொரு மாற்றத்திலும் தீர்ப்புத் துல்லியம் பெற்றது. அதே வேளை ஆட்டத்தை வாழவைப்போரிடமிருந்து ஒரு படி விலகிச் சென்றது. தீர்ப்பு சரியாக இருத்தல் மட்டும் போதாது. அதற்கு உட்படுவோர் அதனைத் தமதென ஏற்கவும் வேண்டும். சுவீடனின் கழகக் கூட்டங்களும் நோர்வேயின் வாக்கெடுப்பும் உலகுக்கு உணர்த்தி நிற்பது இதனையேயாம்.