ஆள்வாரும் ஆழ்வாரும்: ஆழங்காற்பட்ட ஒரு சொல்

தாமிரபரணிப் படித்துறையில் குளிக்கும் சிறுவனைப் பார்த்து மேற்படியிலிருந்து ஒருவர் சத்தம் கொடுப்பார்: “ஏல, அங்கன போவாத, ஆளம் கெடக்கு.” நெல்லைப் பேச்சில் மழை மளையாகும், பழம் பளமாகும். ஆள்வதும் ஆழ்வதும் காதுக்கு ஒன்றுதான். இதே ஆற்றின் தென்கரையில் உள்ள ஆழ்வார்திருநகரி, அந்த ஒலிமயக்கத்தைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கிறது.

‘ஆழ்வார்’ என்றால் இறைவனின் குணங்களில் ஆழ்ந்தவர் என்பது பரவலான விளக்கம். 2004இல், பிரெஞ்சுத் தமிழறிஞர் பிரான்சுவா குரோவின் எழுபதாம் வயதையொட்டி வந்த பாராட்டுத் தொகுதியில் ஆய்வாளர் சு. பழனியப்பன் இதை மறுத்தார். மூல வடிவம் ‘ஆள்வார்’; ளகரமும் ழகரமும் மயங்கிய நிலையில், ‘திருத்தமாக’ எழுதும் முனைப்பே ழகரத்தைக் கொண்டுவந்தது என்பது அவர் முடிவு. மேடையில் ‘மக்கள்’ என்பதை ‘மக்கழ்’ என்று முழங்குபவரிடம் இன்றும் அந்த மிகைத்திருத்தத்தைக் கேட்கலாம்.

இம்முடிவை ஏற்கக் காரணங்கள் உண்டு. முதலாவது, இப்பட்டம் வைணவ அடியார்க்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டில் இராசராசனின் தமக்கை குந்தவையின் பெயருக்கு முன்னும் அது நிற்கிறது. அங்கே அரசகுலத்து மதிப்பைத்தான் காண முடியும். பக்தியில் மூழ்குதலுக்கு இடமில்லை. இரண்டாவது, ஆழ்வார்கள் பன்னிருவருள் ஒரே பெண் ‘ஆண்டாள்’, ‘ஆழ்ந்தாள்’ அல்லள். மூன்றாவது, உடையார், நாயனார், பெருமாள் என்று அக்காலத்து மதிப்புப் பெயர்கள் பலவும் உடைமையையும் தலைமையையும் சுட்டுபவை. ‘ஆள்வார்’ அந்த வரிசையில் இயல்பாக அமர்கிறது. குருகூரில், அதாவது ஆழ்வார்திருநகரியில், பிறந்து திருவாய்மொழி பாடிய கவிஞர் நம்மாழ்வாரோ தம் பாடல்களில் தம்மைச் சடகோபன் என்றும் மாறன் என்றும் சொல்லிக்கொள்கிறார். ஆழ்வார் என்று சொல்லிக்கொள்வதில்லை.

அப்படியானால் ‘ஆழ்ந்தவர்’ என்ற பொருளைப் பிழையென்று தள்ளிவிடலாமா? கூடாது என்பதே என் வாதம். ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்பதும், அது எப்படி வாழ்ந்தது என்பதும் வெவ்வேறு வரலாறுகள். இரண்டாவதை உரைமரபில் தேட வேண்டும்.

வைணவ உரைமரபுக்கே உரிய தொடர் ‘ஆழங்காற்படுதல்’. ஆற்றில் கால் பாவாத இடம் ஆழங்கால். இறைவனின் எளிமை, அழகு, இரக்கம் என ஏதோ ஒரு குணத்தை எண்ணத் தொடங்கி, மேலே செல்ல முடியாமல் அதிலேயே அகப்படுவதை இத்தொடர் குறிக்கும். ஈடுபாட்டுக்குத் தமிழில் வேறு சொற்களும் உண்டு: சாயத்தில் துணி தோயும், உப்பில் மாங்காய் ஊறும். ஆங்கிலத்தின் ‘ஸ்டீப்ட்’ என்பதும் ஊறவைத்தலிலிருந்து பிறந்ததே. ஊறுவது மெல்ல நிகழ்வது. ஆழங்காற்படுவதோ ஒரே அடியில் நிகழ்ந்துவிடும். நின்ற தரை காலுக்கடியில் இல்லாமல் போகும். ஊறியது தன் பாட்டில் கிடக்கும், ஆழங்காற்பட்டவர் தத்தளிப்பார்.

உரையாசிரியர்களே இப்படி ஆழங்காற்பட்டார்கள் என்பதற்கு உரைகளின் அளவே சான்று. திருவாய்மொழிப் பாசுரங்கள் 1102. இராமானுசர் காலத்துத் திருக்குருகைப்பிரான் பிள்ளான் தொடங்கிய உரைவரிசை ஆறாயிரப்படியிலிருந்து பெருகி, நம்பிள்ளை வழிவந்த ஈட்டில் முப்பத்தாறாயிரப்படி ஆயிற்று. படி ஒன்றுக்கு 32 எழுத்து என்பது கணக்கு. அதன்படி ஈடு பதினோரு இலட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள் கொண்டது. ஒரு பாசுரத்தின் ஒற்றைச் சொல்லில் இறங்கிக் கரையேற மனமின்றி நின்றவர்கள் இந்த உரையாசிரியர்கள்; தங்கள் அனுபவத்தின் பெயரையே கவிஞருக்கும் பொருத்திக் கண்டார்கள். நம்மாழ்வார் புளியமரத்தடியில் பதினாறு ஆண்டுகள் பேசாதிருந்தார் என்ற குருகூர்க் கதையும் அப்பொருளுக்கு வலுச் சேர்த்தது.

எனவே அகராதிகள் இச்சொல்லுக்கு இரு பொருளையும் தனித்தனியே தர வேண்டும்: பிறப்பில் ‘ஆள்பவர்’, உரைவழி வழக்கில் ‘ஆழ்ந்தவர்’. முன்னதற்குக் கல்வெட்டு சான்று. பின்னதற்கு வாசித்தவர்களே சான்று.