சதிர் மரபும் மூன்று தொண்டுகளும்

காவிரிப் படுகையின் கலை வரலாற்றில் தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய உடன்பிறந்தோர் பெற்றுள்ள இடம் நன்கு அறியப்பட்டதே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை மராத்திய அரசவையைச் சார்ந்திருந்த அவர்கள், கோயிலிலும் அவையிலும் ஆடப்பட்டுவந்த சதிர் என்னும் ஆடலை, அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் நிரலாக ஒழுங்குபடுத்தினர். இன்றைய பரதநாட்டியக் கச்சேரிக்கும் அந்நிரலே அடிப்படை. விலங்குகளைக் கொடுமையிலிருந்து காக்கும் சட்டம், புற்றுநோய்க்கும் புகையிலைக்கும் எதிரான மருத்துவப் பணி, திருநங்கையர் பெற்ற பொதுமதிப்பு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று தொடர்பற்றவையாகத் தோன்றினாலும், அவற்றின் வரலாற்றில் இச்சதிர் மரபோடு உறவுடைய மூன்று பெண்கள் நிற்பது அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை.

முதலாமவர் முத்துலட்சுமி ரெட்டி. ஆடலையும் இசையையும் குலத்தொழிலாகக் கொண்ட இசை வேளாளர் மரபில் வந்த சந்திரம்மாளின் மகளாக 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த அவர், 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார்; பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டமன்றத்தில் போராடினார்; அவ்வழக்கத்தைத் தடைசெய்யும் சட்டம் 1947இல் நிறைவேறியது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவரை விடாமல் உந்தியதன் விளைவாக, 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது.

அம்மருத்துவமனையின் பணிக்கும் காவிரிப் படுகையின் வாழ்க்கைக்கும் இடையே நெருங்கிய தொடர்பு உண்டு. போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்த புகையிலை, வேதாரண்யத்தின் மணற்பாங்கான நிலத்தில் பயிராகி, கும்பகோணம் வெற்றிலையோடும் சீவலோடும் சுண்ணாம்போடும் ஒரே செல்லத்தில், அதாவது வெற்றிலைப் பெட்டியில், இடம்பிடித்தது. விருந்தினருக்குத் தாம்பூலம் தருவது மரியாதையாக இருந்த நாட்டில், தாம்பூலத்தோடு சேர்ந்த புகையிலையும் அம்மரியாதையில் பங்கு பெற்றது. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே நெடுநேரம் அடக்கிவைக்கப்படும் புகையிலை அவ்விடத்து மென்தோலை நாள்தோறும் கெடுப்பதால், வெண்படலமும் ஆறாத புண்ணும் தோன்றி, அவை புற்றாக மாறக்கூடும். வெற்றிலை மெல்லுவோரிடம் காணப்பட்ட வாய்ப்புற்றைப் பற்றி, அப்போது திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர் மிஷன் மருத்துவமனையின் மருத்துவரான ஆர் என்பவர் 1933இலேயே மருத்துவ இதழில் எழுதினார். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை புகையிலை கலந்த தாம்பூலத்தை 1985இலும், புகையிலை கலவாத தாம்பூலத்தையும் பாக்கையும் 2004இலும் புற்றுநோய்க் காரணிகளாக அறிவித்தது. புகையிலையைக் கைவிட உதவும் சிறப்பு மையம் அடையாறு மருத்துவமனையில் 2002இல் தொடங்கியது.

இரண்டாமவரான ருக்மிணி தேவி அருண்டேல், நால்வரின் வழிவந்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சதிர் பயின்று, 1936இல் கலாக்ஷேத்ராவை நிறுவியவர். முத்துலட்சுமி பொட்டுக்கட்டும் வழக்கத்தின் கொடுமையைக் கண்டார். ருக்மிணி தேவி அழிந்துபோகவிருந்த கலையைக் கண்டார். இவ்விரு பார்வைகளுக்கும் இடையே பரம்பரை ஆடல் மகளிர் பலர் மேடையையும் வாழ்வாதாரத்தையும் இழந்தனர் என்பதை மறைக்காமல் பதிவுசெய்வது வரலாற்றின் கடமை. 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி, விலங்குவதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அம்முயற்சியின் பயனாக அரசே 1960இல் சட்டம் இயற்றியது. 1962இல் அமைந்த விலங்குநல வாரியத்துக்கு அவரே முதல் தலைவரானார். சட்டத்தைத் தொடர்ந்து 1965இல் வந்த விதிகள், வண்டி மாட்டை ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேலோ, ஓய்வின்றித் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கக் கூடாது என்றும், வெப்பம் 37 பாகையைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை பூட்டக் கூடாது என்றும், ஆணி பதித்த தார்க்குச்சியால் குத்தக் கூடாது என்றும் வரையறுத்தன. நெல் மூட்டை ஏற்றிய வண்டிகள் களத்துக்கும் ஆலைக்கும் ஓயாமல் சென்றுவந்த படுகையில், மாட்டின் புட்டத்தில் இருந்த தார்க்குச்சித் தழும்பு எவருக்கும் புதிய காட்சியன்று. அத்தழும்பைக் குற்றத்தின் அடையாளமாக ஆக்கியது இவ்விதியே.

மூன்றாமவர் நர்த்தகி நடராஜ். திருநங்கை என்பதற்காகப் புறக்கணிக்கப்பட்டு மதுரையிலிருந்து தஞ்சைக்கு வந்த அவரை, நால்வரின் வழித்தோன்றலான கே.பி. கிட்டப்பா பிள்ளை மாணவியாக ஏற்று, குருகுல முறையில் பதினைந்து ஆண்டுகள் பயிற்றுவித்தார். 2019இல் பத்மஸ்ரீ விருது பெற்ற முதல் திருநங்கை அவரே. தமிழக அரசு 2008இல் திருநங்கையர் நல வாரியம் அமைத்ததும், உச்ச நீதிமன்றம் 2014இல் மூன்றாம் பாலினத்தை ஏற்றதும் திருநங்கையர் பொதுமதிப்பை நோக்கிச் சென்ற பயணத்தின் பிற மைல்கற்கள்.

புகையிலை எதிர்ப்பு இவ்விடத்தில் மீண்டும் பொருள்பெறுகிறது. பெரும்பான்மையினரின் பால், பாலீர்ப்பு வரையறைகளுக்குள் அடங்காத பால்புதுமையரிடையே புகைப்பழக்கம் மிகுந்திருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. வீட்டாரின் புறக்கணிப்பும் ஊராரின் ஏளனமும் தரும் மன உளைச்சல் அதற்கு முக்கியக் காரணம். அமெரிக்கப் புகையிலை நிறுவனமொன்று 1990களில் சான்பிரான்சிஸ்கோவின் தற்பாலீர்ப்பாளரைக் குறிவைத்து விற்பனைத் திட்டம் வகுத்ததை அந்நிறுவனத்தின் உள்ஆவணங்களே பின்னர் வெளிப்படுத்தின. ஒதுக்கப்பட்டவரின் துயரமும் வணிகத்துக்குச் சந்தையாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இம்மூன்று தொண்டுகளையும் இணைப்பது ஒரே அறம்: பிறரது பயனுக்கென்றே கருதப்பட்ட உடலுக்கும் தனக்கென ஒரு மதிப்பு உண்டு என்பது. முத்துலட்சுமி சட்டத்தையும் மருத்துவத்தையும், ருக்மிணி தேவி கலையையும் விலங்குநலத்தையும் ஒரே வாழ்நாளில் சுமந்தனர். ஒன்றை ஏற்றதால் மற்றொன்று குன்றவில்லை. ஆகவே, அடிபட்ட நாயைத் தூக்கிச் செல்லும் இளைஞர் தம் தோழரைப் புகையிலைப் பழக்கத்திலிருந்து விடுவிக்கவும் முயன்றால், அதைக் கவனச் சிதறல் என்று எவரும் தடுக்க வேண்டியதில்லை. தஞ்சை மண்ணின் மரபுக்கு அது முற்றிலும் உரியது.