எந்தப் பிரிவில் சேர்வது?



கோடையில் பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளிவந்துவிட்டால், எங்கள் ஆனையூரில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரே கேள்விதான் காதில் விழும். ‘எந்தக் குரூப் எடுக்கப் போகிறாய்?’ தேநீர்க் கடையில் அமர்ந்திருக்கும் பெரியவர் கேட்பார். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்பார். கேட்பவருக்கு அந்தப் பிரிவுகளைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பதில் சொல்ல வேண்டியவனோ பதினைந்து வயதுச் சிறுவன். ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இக்கேள்வியின் அருகிலேயே வாழ்ந்தவன் நான். இக்கேள்வி எப்போது பிறந்தது, எவ்வாறு இத்தனை கனம் பெற்றது என்பதைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்கலாம் என்று எண்ணுகிறேன்.

ஒரு காலத்தில் இக்கேள்வியே இல்லை. கணித மேதை இராமானுஜனின் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். 1904-ஆம் ஆண்டில் அவர் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் எப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். அவ்வகுப்பில் கணிதம் மட்டும் படித்துவிட்டுப் போக இயலாது. ஆங்கிலமும் வரலாறும் உடலியலும் வடமொழியும் சேர்ந்தே வரும். கணிதத்தில் மூழ்கிய அந்த இளைஞர் மற்றவற்றில் தவறினார்; உதவித்தொகை போயிற்று. பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எப்.ஏ. தேறவில்லை. 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கி, 1914-இல் அவர் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறியது தனிக் கதை. பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாமற்போனதால் வந்த துன்பம் அது. அவ்வுரிமை கிடைத்த பிறகு வந்த துன்பங்களே இன்றைய பேச்சின் பொருள்.

எப்.ஏ. வகுப்பின் இடத்தில் பிற்காலத்தில் இண்டர்மீடியட் வந்தது. அதில் பிரிவுகள் தோன்றின. கணிதம், பௌதிகம், இரசாயனம் ஒரு பிரிவு. இயற்கை விஞ்ஞானம் சேர்ந்தது மற்றொன்று. வரலாறு, தருக்கம் முதலியவை வேறொன்று. 1950-களின் நடுவில் சென்னைப் பல்கலைக்கழகம் இரண்டாண்டு இண்டர்மீடியட்டை நீக்கி ஓராண்டுப் புகுமுக வகுப்பைக் கொண்டுவந்தது. பதினோராண்டுப் பள்ளி, ஓராண்டு புகுமுகம், மூன்றாண்டுப் பட்டப் படிப்பு என்று ஏணி அமைந்தது.

இந்த ஏணியில் ஒரு படி கண்ணுக்குத் தெரியாமல் ஒடிந்திருந்தது. பள்ளியிறுதித் தேர்வில் கணிதம் இரு வகையாக இருந்தது: பொதுக் கணிதம், காம்போசிட் கணிதம். முன்னது எளிது, கணக்கு வழக்கு அறிந்தால் தேறிவிடலாம். பின்னதில் இயற்கணிதமும் வடிவியலும் ஆழமாக வரும். எளியதை எடுத்தவன் நல்ல மதிப்பெண் பெறுவான். ஆனால் புகுமுக வகுப்பில் கணிதப் பிரிவின் கதவு அவனுக்கு அநேகமாகச் சாத்தப்பட்டிருக்கும். அதாவது பொறியியல் கல்லூரிக்குப் போவதா வேண்டாமா என்பதைப் பதினான்கு பதினைந்து வயதுப் பையன், தான் முடிவெடுக்கிறோம் என்பதை அறியாமலே முடிவுசெய்து விடுகிறான்!

என் பெரியப்பா மகன் அப்படி முடிவுசெய்தவர்களில் ஒருவர். நான் அண்ணன் என்றழைக்கும் அவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். வீட்டில் பள்ளியிறுதி வகுப்பை எட்டிய முதல் ஆள். ‘பொதுக் கணிதம் எடு, தவறாமல் தேறுவாய்’ என்று அன்புள்ளம் கொண்ட ஒருவர் அறிவுரை கூறினார். அண்ணனும் தேறினார், எண்பதுக்கு மேல் மதிப்பெண். மதுரையில் தியாகராசர் பொறியியற் கல்லூரி 1957-இல் தொடங்கியிருந்தது. மிதிவண்டியில் போய் அதன் வாயிலைப் பார்த்துவிட்டு வந்தவர் அவர். புகுமுக வகுப்பில் சேரச் சென்றபோதுதான் தம் கணிதம் வேறு கணிதம் என்று தெரிந்துகொண்டார். வரலாறு படித்தார், எழுத்தராகப் பணிபுரிந்தார், நிறைவாகவே வாழ்ந்தார். ஆயினும் வீட்டில் மோட்டார்ப் பம்பு பழுதானால் அதைப் பிரித்து மாட்டும்போது அவர் முகத்தில் தோன்றிய மலர்ச்சியை வேறெப்போதும் நான் கண்டதில்லை.

இத்தகைய முடிவு மிக இளமையில் எடுக்கப்படுகிறது என்பதை அறிஞர்கள் உணராமல் இல்லை. டாக்டர் இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் 1952-53-இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, பலவகைப் பாடங்களைப் பள்ளியிலேயே அமைக்க வேண்டும் என்றது. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரிக் கல்விக் குழு வேறு வகையில் சிந்தித்தது. பத்தாம் வகுப்புவரை எல்லாரும் கணிதமும் விஞ்ஞானமும் கட்டாயமாகப் படிக்கட்டும். பிரிவது அதன் பிறகு இருக்கட்டும் என்றது. 1968-இன் தேசியக் கல்விக் கொள்கை அதனை ஏற்றது. தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலைக் கல்வி தொடங்கப்பெற்றது. புகுமுக வகுப்பு மறைந்தது. 1980-இல் முதன்முதலாக மேல்நிலைப் பொதுத்தேர்வு நடந்தது.

அம்முதல் அணியில் நானும் ஒருவன். அதுவரை கல்லூரியில் நடந்த பாடம் திடீரென்று பள்ளிக்கு இறங்கி வந்தது. எங்கள் பள்ளியில் பரிசோதனைக் கூடம் இன்னும் எழும்பவில்லை. ஒரு வகுப்பறையில் நான்கு மேசைகளைச் சேர்த்துப் போட்டுப் பியூரெட்டையும் பிப்பெட்டையும் வைத்து இரசாயனம் கற்றோம். பௌதிகம் இயற்பியலாகவும் இரசாயனம் வேதியியலாகவும் பெயர் மாறிக்கொண்டிருந்த காலம் அது; எங்கள் ஆசிரியர் நாவில் பழைய பெயர்களே வரும், என் நாவிலும் இன்றுவரை அப்படித்தான். எந்தப் பிரிவு என்று என்னை யாரும் கேட்கவில்லை. பட்டியலில் என் கணித மதிப்பெண்ணைப் பார்த்த ஆசிரியர், ‘இவன் முதல் பிரிவு’ என்றார். என் தந்தையார் அருகில் நின்று தலையசைத்தார். அவ்வளவே.

பின்னர்க் கல்லூரி வாயிலில் நடந்த மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1984-இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் சுயநிதிப் பொறியியற் கல்லூரிகளும் வரலாயின. 1997-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் ஒற்றைச் சாளர முறை வந்தது. நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி பெற நகரத்துப் பிள்ளைக்கு இருந்த வசதி, கிராமத்துப் பிள்ளைக்கு இல்லை என்பதால், 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2007 முதல் அது நீங்கியது. அதன்பின் பள்ளி மதிப்பெண்ணே அளவுகோல் ஆயிற்று.

அந்த அளவுகோலை மாணவர்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். பொறியியலுக்குக் கணிதம் முழுமையாக 100. இயற்பியலும் வேதியியலும் ஒவ்வொன்றும் பாதியாகக் குறைந்து 50. மொத்தம் 200. இதைத்தான் ‘கட் ஆஃப்’ என்கிறோம். ஒருவன் கணிதத்தில் 90, மற்ற இரண்டிலும் 80 பெறுகிறான், அவனுக்கு 170. இன்னொருவன் கணிதத்தில் 80, மற்ற இரண்டிலும் 90 பெறுகிறான், அவனுக்கும் 170. மூன்று பாடங்களையும் கூட்டினால் இரண்டாமவன் பத்து மதிப்பெண் அதிகம் பெற்றவன். ஆனால் கட் ஆஃப் கணக்கில் இருவரும் சமம். கணிதத்தின் ஒரு மதிப்பெண், மற்றவற்றின் இரண்டு மதிப்பெண்ணுக்குச் சமம். இதைப் பன்னிரண்டாம் வகுப்பின் இறுதியில் கேட்டு வியந்த பிள்ளைகள் பலர். பதினோராம் வகுப்பில் சேரும் நாளிலேயே சொல்லியிருக்க வேண்டியது.

மருத்துவத்துக்கு அந்நாளில் உயிரியல் அவ்விடத்தில் இருந்தது. 2017 முதல் தமிழ்நாட்டிலும் நீட் தேர்வே வழியாயிற்று. அதன் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கு உரியது. பதினோராம் வகுப்புப் பாடமும் அதில் அடக்கம். சில தனியார் பள்ளிகள் பதினோராம் வகுப்பைக் கடந்து நேரே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டாண்டும் நடத்தி வந்த வழக்கம் எத்தனை பேரை ஏமாற்றியது என்பது அப்போது வெளிப்பட்டது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிகளில் அருகிப் போகவே, 2020-இல் அவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு சட்டமாயிற்று. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை முதலியவற்றுக்கும் விரிந்தது.

பிற நாடுகளில் எப்படி என்று கேட்கலாம். அமெரிக்காவில் நம்மைப்போல் பிரிவு என்ற வேலி இல்லை. மாணவன் பாடத்தைத் தனித்தனியே தேர்ந்தெடுக்கிறான். ஆனால் அவன் கணிதத்தில் எவ்வளவு தூரம் சென்றான், கடினமானதை எடுத்தானா எளிதில் ஒதுங்கினானா என்பதைக் கல்லூரி பார்க்கிறது. ஈழத்தில் உயர்தர வகுப்பிலேயே கணிதப் பிரிவு, உயிரியல் பிரிவு என்று பாதை பிரிந்துவிடுகிறது. அங்கே 1970-களில் வந்த தரப்படுத்தல் தமிழ் மாணவரின் பொறியியல், மருத்துவ இடங்களை எவ்வாறு குறைத்தது என்பது தனியே பேச வேண்டிய துயர வரலாறு.

நம் ஊருக்குத் திரும்புவோம். சுயநிதிக் கல்லூரிகள் பெருகி, ஒரு கட்டத்தில் ஐந்நூறைத் தாண்டின. இடங்கள் காலியாகக் கிடந்தன. கணிதத்தில் தேறினாலே பொறியியல் என்ற நிலை வந்தபோது, முதல் பிரிவின் பழைய மகிமை குறைந்தது. 2021-இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, சில பொறியியல் பிரிவுகளுக்குப் பள்ளிக் கணிதம் கட்டாயம் அன்று என்றுகூட அறிவித்தது. படிக்காத கணிதத்தைக் கல்லூரியில் பாலம் போட்டுக் கற்பிக்கலாம் என்பது அதன் கருத்து. முப்பது ஆண்டு கணிதம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு அதில் ஐயமே. வகையீடு தெரியாதவனுக்கு ஒரு பருவத்தில் எவ்வளவு பாலம் கட்ட முடியும்?

இனி நான் சொல்லத் தயங்கியதைச் சொல்கிறேன். தேர்வு மாணவனுடையது என்று நாம் பேசுகிறோம். உண்மையில் பல பள்ளிகளில் அது பள்ளியினுடையது. எங்கே உயிரியல் ஆசிரியர் இல்லையோ அங்கே உயிரியல் பிரிவு இல்லை. நான் தலைமையாசிரியனாக இருந்த ஒரு பள்ளியிலும் அப்படித்தான். கணிதத்தோடு கணினி அறிவியல் சேர்ந்த பிரிவு ஒன்று, வணிகவியல் பிரிவு ஒன்று. 2012-இல் ஒரு மாணவி வந்தாள். செங்கல் சூளையில் வேலை செய்யும் தாயின் மகள். ‘ஐயா, நர்சு படிக்க இந்தக் குரூப் போதுமா?’ என்று கேட்டாள். என் மேசையில் அன்று நூறு விண்ணப்பங்கள். கணினிப் பிரிவில் எண்ணிக்கை குறைந்தால் அப்பிரிவையே எடுத்துவிடுவார்களோ என்ற அச்சமும் எனக்கு இருந்தது. ‘நன்றாகப் படித்தால் எல்லாம் கிடைக்கும் அம்மா’ என்றேன்.

எல்லாம் கிடைக்கவில்லை. பி.எஸ்ஸி. செவிலியர் படிப்புக்கு இயற்பியல், வேதியியலோடு உயிரியலும், அல்லது தாவரவியலும் விலங்கியலும், படித்திருக்க வேண்டும். இது எனக்குத் தெரியாத செய்தி அன்று. அந்த நேரத்தில் நினைத்துப் பார்க்காத செய்தி. இரண்டு ஆண்டு கழித்து, நல்ல மதிப்பெண்களுடன் அவள் விண்ணப்பம் வாங்கப் போய்த் திரும்பி வந்தாள். என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. ‘நீங்கள் சொன்னீர்களே ஐயா’ என்றுகூடச் சொல்லவில்லை. சான்றிதழ்களைப் பெற்றுக்கொண்டு, வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள். ஒரு கலைக் கல்லூரியில் கணினி அறிவியல் படித்தாள் என்று பிறகு அறிந்தேன்.

அடுத்த ஆண்டு முதல், எந்தப் பட்டப் படிப்புக்கு எந்தப் பாடம் கட்டாயம் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி அலுவலக வாயிலில் ஒட்டச் செய்தேன். எழுத்துக் கூட்டி விரல் வைத்துப் படிக்கும் தகப்பன்மார் அங்கே நீண்ட நேரம் நிற்பார்கள். தட்டிபோல் பெரிதாக இருக்கிறதே என்று ஆய்வுக்கு வந்த ஓர் அலுவலர் கேலி செய்தார். நான் அகற்றவில்லை.

2019-ஆம் ஆண்டு, அதே பெண் தன் தங்கையை அழைத்துக்கொண்டு வந்தாள். இப்போது மதுரையில் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை. வணக்கம் சொன்னாள். வாயிலில் இருந்த தாளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு, ‘ஐயா, இங்கே உயிரியல் வந்துவிட்டதா?’ என்று கேட்டாள். வந்திருக்கவில்லை, ஆண்டுதோறும் கேட்டு எழுதியும் ஆசிரியர் பணியிடம் கிடைக்கவில்லை. ‘இல்லை அம்மா’ என்றேன். உயிரியல் பிரிவு உள்ள வேறோர் அரசுப் பள்ளியின் பெயரை ஒரு தாளில் எழுதி, அதன் தலைமையாசிரியருக்கு நாலு வரியும் எழுதிக் கொடுத்தேன். எந்தப் பேருந்து அங்கே போகும், எத்தனை மணிக்கு என்பதையும் அந்தத் தாளின் பின்புறம் அவள் கேட்டு எழுதிக்கொண்டாள்.